அரை டன் லேத்தை மூன்று பேர் இறக்கி வைப்பது எப்படி

பழைய லேத் (கடைசல் எந்திரம்) வாங்கப் போகிறவர்கள் விலையை அலசி ஆராய்ந்து பேசுவார்கள். பெட் என்கிற நீள இரும்புத் தளம் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிண்டில் என்கிற சுழல்தண்டு ஆடுகிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பார்கள். அதை எப்படி இறக்கி உள்ளே கொண்டுபோவது என்ற யோசனை மட்டும் குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் வரும். கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் சந்துகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். வண்டிமேல் நாலரை அடி லேத், சுற்றிலும் எட்டுப் பேர், எட்டு யோசனை. கிரேன் சந்துக்குள் நுழையாது. நுழைந்தாலும் தகரக் கூரைக்கு அடியில் அதன் கை போகாது.

மெஷின் ஏற்றி இறக்குவதுதான் எனக்குத் தொழில். இந்த வேலைக்கு எட்டுப் பேர் தேவையில்லை என்பதோடு, எட்டுப் பேர் இருந்தால் ஆபத்தும் கூட. மூன்று பேர் போதும். அதில் ஒருவர் எதையும் தொடாமல் தள்ளி நின்று பார்த்து, "நிறுத்து" என்று சொல்கிறவராக இருக்க வேண்டும். அவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் மற்ற இருவரும் கையை எடுத்துவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் எளிய எந்திரங்கள் என்று ஆறு சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு, சக்கரமும் அச்சும். இந்த ஒரு வேலையில் ஏறக்குறைய ஆறும் வந்துவிடும். ஆனால் அந்தக் கணக்குகளில் முதல் வரியே "உராய்வு இல்லை எனக் கொள்க" என்று இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்காது. களத்தில் நம்மைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் உராய்வுதான். எங்கே அதைக் குறைப்பது, எங்கே அப்படியே விட்டுவைப்பது என்று தெரிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

முதலில் கணக்கு

லேத் 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்குக் கம்பெனி எடை மாறும், ஆனால் நாலரை அடி பெட்டுக்கு இந்த அளவில் யோசித்தால் தப்பில்லை. அதை நேராகத் தூக்க 500 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். புத்தகக் கணக்கில் 4,900 நியூட்டன். பட்டறையில் நியூட்டனில் யாரும் பேசுவதில்லை, அதனால் நானும் கிலோவிலேயே சொல்கிறேன்.

அதே மெஷினைச் சிமெண்டுத் தரையில் இழுத்துத் தள்ள வேண்டும் என்றால் 200 முதல் 250 கிலோ விசை வேண்டியிருக்கும். அடியில் பைப் போட்டு உருட்டினால், தரை நன்றாக இருந்தால், 15 முதல் 25 கிலோ போதும். மெஷின் அதேதான், எடையும் அதேதான். அதற்கும் தரைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

இங்கே ஒரு நம்பிக்கையைக் கழித்துவிட வேண்டும். அகலமான பலகை போட்டால் உராய்வு குறையும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். குறையாது. உராய்வு அழுத்தும் எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பளவைப் பொறுத்ததல்ல. பிரான்சில் அமோன்டன் என்பவர் 1699-லேயே இதைச் சொல்லிவிட்டார். அகலமான பலகையால் வேறொரு நன்மை உண்டு: எடை பரவி, தரையில் குழி விழாது, டைல்ஸ் உடையாது. அதற்காகப் போடுங்கள்.

சாமான்கள்

ஐந்தடிக் கடப்பாரை இரண்டு. இரண்டு அங்குல ஜிஐ பைப், நாலடி நீளத்தில் ஐந்தாறு துண்டு; நசுங்காத கனமான ரகமாக இருக்கட்டும். பத்தடி நீளம், எட்டு அங்குல அகலம், மூன்று அங்குல கனத்தில் நல்ல மரப்பலகை இரண்டு. ஓட்டை, முடிச்சு, விரிசல் இருந்தால் அந்தப் பலகை வேண்டாம். கருவேலக் கட்டைத் துண்டுகள் அரை அங்குலத்திலிருந்து நாலு அங்குலம் வரை பல கனத்தில் ஒரு சாக்கு நிறைய. இந்தச் சாக்கைத்தான் எல்லோரும் மறந்துவிட்டு வருவார்கள். கட்டை இல்லாவிட்டால் நான் வேலையைத் தொடுவதே இல்லை. அப்புறம் கட்டைவிரல் கனத்தில் மணிலா கயிறு, சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் ஒரு டன் செயின் பிளாக், அதில் மெஷினைத் தொங்கவிட ஸ்லிங் பெல்ட். செயின் பிளாக் வாடகைக்குக் கிடைக்கும்.

நைலான் கயிறு வேண்டாம். பலமானதுதான், ஆனால் இழுத்தால் ரப்பர் போல நீளும். அறுந்தால் அத்தனை விசையும் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். பைப்பில் சுற்றி நழுவவிடும்போது சூட்டில் உருகியும் போகும்.

வாங்கிய இடத்திலேயே செய்ய வேண்டியது

மெஷின் கவிழ்வதற்குக் காரணம் எடை அல்ல, உயரம். லேத்தின் கால்கள் முன்பின்னாகக் குறுகலானவை. கனமான பாகமோ மேலே இருக்கிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக ஒரு தூக்குக்குண்டு தொங்குவதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குண்டு கால்களுக்குள் விழும் வரை மெஷின் நிற்கும். வெளியே ஓர் அங்குலம் போனாலும் யார் பிடித்தாலும் நிற்காது.

அதனால் விற்பவரின் பட்டறையிலேயே ஒரு மரச்சட்டத்தில் போல்ட் போட்டு ஏற்றச் சொல்லுங்கள். அடியில் நீளவாக்கில் இரண்டு நாலுக்கு நாலு மரம், மூன்றடி இடைவெளியில். அவற்றின் மேல் குறுக்கே இரண்டு மரம். குறுக்கு மரங்களில் லேத்தின் கால் போல்ட் ஓட்டைகள். இப்போது மெஷினின் அடித்தளம் ஒன்றரை அடியிலிருந்து மூன்றடியாகிவிட்டது. ஈர்ப்பு மையமும் எளிதில் வெளியே போகாது. நீளமரங்களின் முனைகளை அடிப்பக்கமாகச் சீவிவிடுங்கள். கடப்பாரை நுழையவும் பைப்மேல் ஏறவும் அந்தச் சீவல் வேண்டும்.

லேத்தில் ஸ்பிண்டில் இருக்கும் இடது கோடி, அதாவது ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம். கடையும் பொருளைப் பிடிக்கும் சக்-ஐக் கழற்றித் தனியாக எடுத்து வையுங்கள். பெட்டின்மேல் நகரும் கேரேஜையும் டெயில்ஸ்டாக்கையும் வலது கோடிக்குத் தள்ளி இறுக்கிவிடுங்கள். முழுவதும் சமமாகாது, ஆனால் கனம் கொஞ்சம் நடுவுக்கு வரும். இறுக்காமல் விட்டால் சரிவில் கேரேஜ் தானாக ஓடி, சமநிலையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

வண்டியிலிருந்து இறக்கும் சாய்தளம்

வண்டியின் தட்டு தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பத்தடிப் பலகை சாய்த்தால் சரிவு நாலுக்கு ஒன்று. 500 கிலோவில் நாலில் ஒரு பங்கு, அதாவது 125 கிலோ விசை மெஷினைச் சரிவின் கீழே இழுக்கும். எதிர்ப்பக்கம் உராய்வு பிடிக்கிறது. காய்ந்த மரத்தின்மேல் மரம் என்றால் சுமார் 170 கிலோ வரைக்கும் பிடிக்கும். ஆகவே மெஷின் தானாக ஓடாது. நெம்பினால் ஒரு சாண் நகரும், விட்டால் நிற்கும். நமக்கு வேண்டியது இதுதான்.

இந்த நேரத்தில்தான் ஒரு பையன் கட்டாயம் கேட்பான்: "அண்ணா, பலகையில கிரீஸ் தடவலாங்களா? சுலபமா வந்துருமே!"

"வரும் கண்ணு. நிக்காது."

கிரீஸ் தடவினால் உராய்வு 50 கிலோவுக்கு இறங்கிவிடும். இழுக்கும் 125-ல் 50 போக மீதி 75 கிலோ மெஷினைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். பைப் போட்டால் இன்னும் மோசம், கிட்டத்தட்ட 125-ம் மீதி. சமதரையில் நம் நண்பனாக இருக்கும் பைப் சரிவில் எதிரி. சரிவில் உருளை கூடாது, எண்ணெய் கூடாது, மழையில் நனைந்த பலகையும் கூடாது.

இன்னொரு விஷயம். நிற்கும் பொருளைக் கிளப்பத்தான் அதிக விசை வேண்டும். நகர ஆரம்பித்துவிட்டால் உராய்வு கொஞ்சம் குறைந்துவிடும். கிளப்புவதற்காகப் போட்ட பலத்தை நாம் உடனே குறைக்காவிட்டால் மெஷின் திடீரென்று ஓர் அடி பாயும். அதனால்தான் கயிறு.

கயிற்றை மெஷினுக்கு அடியிலுள்ள மரச்சட்டத்தில் கட்டுங்கள், மெஷினில் அல்ல. மறுமுனையை வண்டித் தட்டின் முன்பக்கம், சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) சேர்ந்த இரும்பில் குறுக்காகக் கட்டிய கனமான பைப்பில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, வால்நுனியை ஓர் ஆள் கையில் பிடிக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சுப் போட்டால் பாரம் ஏறிய பிறகு அவிழ்க்க முடியாது. இந்தச் சுற்று எவ்வளவு பிடிக்கும் என்பது பார்க்காதவர்களுக்கு நம்பிக்கையே வராது. இரும்புப் பைப்பில் கயிறு ஒரு சுற்றுக்குச் சுமார் ஐந்து மடங்கு பிடிக்கும். இரண்டாவது சுற்றில் ஐந்தும் ஐந்தும் பத்து இல்லை, ஐயைந்து இருபத்தைந்து என்று பெருகும். மூன்றில் நூறைத் தாண்டிவிடும். 125 கிலோ இழுத்தாலும் இரண்டு சுற்றுக்குப் பின்னால் நிற்கும் ஆளுக்கு ஐந்தாறு கிலோதான் கைக்கு வரும். பைப் பருமனா ஒல்லியா என்பது இந்தக் கணக்கில் வராது. எத்தனை சுற்று என்பது மட்டுமே வரும். 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் எழுதிவைத்த கணக்கு இது. துறைமுகத்தில் ஒரே ஆள் கப்பல் கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடிப்பதும் இதே கணக்கில்தான். ஆள் பலகையில் கால்வைக்காமல் வண்டிக்குப் பக்கவாட்டில் தரையில் நிற்கட்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

வண்டியைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. மெஷின் பலகையில் இறங்கும்போது பலகையின் மேல்முனை வண்டியை முன்னால் தள்ளும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். அடுத்தது ஸ்பிரிங். மெஷின் வண்டியின் பின்விளிம்புக்கு வரும்போது பட்டை அழுந்தி வால் இறங்கும். மெஷின் பலகைக்குப் போனதும் வால் எழும்பும். அந்த ஆட்டத்தில் பலகை நழுவும். பின்விளிம்புக்கு அடியில் சேசிஸில் கட்டை அடுக்கி முட்டுக்கொடுத்துவிட்டால் வால் அசையாது. பலகையின் மேல்முனையை வண்டியோடு கட்டிவிடுங்கள். பலகையின் நடுவிலும் அடியில் ஒரு முட்டு வேண்டும்.

கீழே யாரும் நிற்கக் கூடாது. "மெதுவாகத்தானே வருகிறது, காலால் நிறுத்திவிடலாம்" என்று தோன்றும். நிதான நடையைவிட மெதுவாக, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 500 கிலோ வருகிறது என்று வையுங்கள். அதை ஐந்து சென்டிமீட்டருக்குள் காலால் நிறுத்த வேண்டுமென்றால் கால் 5,000 நியூட்டன், அதாவது அரை டன் தாங்க வேண்டும். வேகம் குறைவு என்பது கண்ணுக்குத்தான்.

கடப்பாரையும் கட்டையும்

மெஷின் தரைக்கு வந்துவிட்டது. இனி பைப் மேல் ஏற்ற வேண்டும். ஒரு முனையை மட்டும் கிளப்புவதால் நமக்குப் பாதி எடைதான், 250 கிலோ. ஐந்தடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து மூன்று அங்குலத்தில் முட்டுக்கட்டை வைத்தால், மறுபக்கம் 57 அங்குலம். 57-ஐ மூன்றால் வகுத்தால் 19. ஆக, 13 கிலோ அழுத்தினால் 250 கிலோ எழும்பும். பத்து வயதுப் பையன் தொங்கினாலே போதும்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. கடப்பாரையின் மேல்முனை 19 அங்குலம் இறங்கினால் மெஷின் ஓர் அங்குலம்தான் எழும். இரண்டு அங்குல பைப் என்றால் வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர். இரண்டரை அங்குலமாவது கிளப்ப வேண்டும். ஒரே மூச்சில் முடியாது. அதனால் ஒருவர் நெம்ப, மற்றவர் முக்கால் அங்குலக் கட்டையை உள்ளே தள்ளுவார். நெம்பல் இறங்கும். முட்டுக்கட்டையின் உயரத்தைக் கூட்டி மறுபடி நெம்பல். மறுபடி கட்டை. இந்தத் தாளத்தை அவசரப்படுத்தாதீர்கள். கட்டையைத் தள்ளுகிறவர் பக்கவாட்டிலிருந்து இன்னொரு நீளக் கட்டையால் தள்ள வேண்டும். விரல் சட்டத்துக்கு அடியில் ஒரு கணம்கூடப் போகக் கூடாது. நெம்புகிறவர் கடப்பாரையைக் காலுக்கு நடுவில் வைத்து நிற்கக் கூடாது. நழுவினால் அது மேலே எகிறும் வேகம் தாடையைப் பெயர்த்துவிடும்.

முட்டுக்கட்டையாகச் செங்கல் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெஷினின் 250 கிலோவும் நம் 13 கிலோவும் சேர்ந்து 263 கிலோ அந்த ஓர் அங்குல இடத்தில் இறங்குகிறது. செங்கல் சொல்லாமல் தூளாகும். கருவேலம் வையுங்கள், அதற்கு அடியில் பலகைத் துண்டும் வையுங்கள். இல்லையென்றால் தரை வெடிக்கும்.

உருட்டிக்கொண்டு போவது

எப்போதும் சட்டத்துக்கு அடியில் குறைந்தது மூன்று பைப் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தால், பின்னாலிருப்பது வெளியேறும் கணத்தில் மெஷின் ஒன்றின்மேல் மட்டும் நின்று ஆடும். பைப் ஓர் அடி உருண்டால் மெஷின் இரண்டு அடி போகும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது விளங்காது, "பைப் ஏன் பின்தங்குகிறது" என்பார்கள். பைப்பின் அடிப்பக்கம் தரையில் நிற்கிறது, நடு ஒரு வேகத்தில் போகிறது, உச்சி அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. மெஷின் உட்கார்ந்திருப்பது உச்சியில். அதனால் பின்னால் கழன்று வரும் பைப்பை எடுத்து முன்னால் போடுவதற்கென்றே ஒருவர் வேண்டும்.

திருப்புவது எளிது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முன் பைப்பின் வலது முனையைச் சுத்தியலால் முன்னே தட்டி, இடது முனையைப் பின்னே தட்டுங்கள். பைப் தன் நீளத்துக்குச் செங்குத்தாகத்தான் உருளும், மெஷின் அதன் பின்னால் திரும்பும். கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுங்கள். கையால் மட்டும் திருப்பாதீர்கள். நாலடி பைப் என்பதால் இரண்டு பக்கமும் சட்டத்துக்கு வெளியே அரையடி நீட்டிக்கொண்டிருக்கும், சுத்தியலுக்கு அது போதும்.

தள்ளுவது எப்போதும் கீழே, சட்டத்தில். ஹெட்ஸ்டாக்கில் கைவைத்துத் தள்ளினால், முன் பைப் ஒரு சிறு கல்லில் முட்டி நின்றதும் மேலே நீங்கள் கொடுக்கிற தள்ளு முழுவதும் மெஷினைக் கவிழ்க்கப் போய்விடும். அதனால் முதலில் தரையைப் பெருக்குங்கள். உண்மையில் இந்த வேலையில் துடைப்பம் கடப்பாரைக்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான். வாசல்படியில் பலகையைச் சாய்த்து மேடாக்கிவிடுங்கள். அங்கே சரிவு வருகிறது என்பதால் பின்னால் ஒருவர் கட்டையைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பது போல உடனுக்குடன் போட்டுக்கொண்டே வரட்டும்.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அத்தனை பெரிய தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்திருக்கிறது. இருந்தாலும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கூடவே நடக்கிறார்கள். வீதி முனையில் தேர் திரும்புவதும் அந்தக் கட்டைகளால்தான். சாய்ந்த மரத்துண்டும் உராய்வும் சேர்ந்தால் எவ்வளவு பிடிக்கும் என்று அங்கே போய் நின்று பார்க்க வேண்டும்.

தூக்கி இறக்குவது

இடம் வந்தாகிவிட்டது. மெஷினைச் சட்டத்திலிருந்து தூக்கி அஸ்திவாரத்தில் வைக்க வேண்டும். மேலே பலமான ஐ பீம் இருந்தால் செயின் பிளாக். கூரைத் தகரத்தைத் தாங்கும் கம்பியில் தொங்கவிடுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அது காற்றுக்கும் தகரத்துக்கும் போட்டது. பீம் இல்லையென்றால் மூன்று கால் உள்ள பெரிய டிரைபாட் வாடகைக்கு எடுக்கலாம், கால்கள் விரியாமல் சங்கிலியால் கட்ட வேண்டும்.

வெறும் கப்பியில் கயிறு போட்டுத் தூக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கிணற்றுக் கப்பி விசையைக் குறைக்காது, திசையைத்தான் மாற்றும். அதோடு பீமுக்கு இரட்டிப்புச் சுமை. ஒரு பக்கம் 500 கிலோ தொங்குகிறது, மறுபக்கம் நீங்கள் 500 கிலோ இழுக்கிறீர்கள், பீம் ஆயிரம் தாங்குகிறது. செயின் பிளாக்கில் உள்ளே பல்சக்கரம் இருக்கிறது. 20 கிலோ இழுப்பில் அரை டன் எழும். பதிலுக்கு, மெஷின் ஓர் அடி ஏற 25 அடியாவது சங்கிலியை இழுத்தாக வேண்டும். உள்உராய்வையும் சேர்த்தால் இன்னும் அதிகம். கை ஓய்ந்துவிடும், ஆனால் விட்டால் அப்படியே நிற்கும். உள்ளே ஓர் உராய்வு பிரேக் பாரத்தாலேயே இறுகிக்கொள்கிறது.

நான் ரொம்பக் கண்டிப்பாக இருப்பது ஸ்லிங் கோணத்தில்தான். இரண்டு கால் பெல்ட்டில் மெஷின் தொங்குகிறது. பெல்ட் நேராக நின்றால் காலுக்கு 250 கிலோ. படுக்கைவாட்டத்திலிருந்து 60 பாகையில் சாய்ந்து நின்றால் ஒவ்வொன்றிலும் 290. 45 பாகையில் 354. 30 பாகையில் 500. ஒவ்வொரு காலிலும் முழு மெஷினின் எடை! 15 பாகைக்குப் படுத்துவிட்டால் 966 கிலோ. இரண்டு கால் இருக்கிறது, பாதிப் பாதி என்று நினைத்துக் குட்டை பெல்ட்டை இழுத்துக் கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும். கூரை தாழ்வாக இருப்பதால் குட்டை பெல்ட் போட்டேன் என்பது பதில் ஆகாது. 60 பாகைக்குக் கீழே நான் தூக்குவதில்லை.

பெல்ட்டைப் பெட்டுக்கு அடியில் போடுங்கள். முன்பக்கம் நீளவாக்கில் ஓடும் லீட் ஸ்க்ரூ என்கிற திருகுத் தண்டின் மேலோ ஃபீட் ராட் என்கிற தண்டின் மேலோ பெல்ட் அழுத்தினால் அது வளையும், பிறகு அந்த லேத்தில் மரை வெட்ட முடியாது. இடையில் மரத்துண்டு வைத்து விலக்கிவிடுங்கள். சட்டத்தின் போல்ட்டைக் கழற்றி, அரை அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். ஒரு முனை தாழ்ந்தால் இறக்கி, கேரேஜைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அரை அங்குலம். மட்டமாக நின்ற பிறகுதான் மேலே. தொங்கும் மெஷினுக்குக் கீழே கை, கால், தலை எதுவும் கூடாது.

தொங்கவிட வழியே இல்லாத இடத்தில் ஜாக்கி. குறுக்கு மரத்துக்கு அடியில் வைத்து ஒவ்வொரு முனையாகக் கிளப்பி, மரத்தை உருவி, கட்டை அடுக்கின்மேல் படிப்படியாக இறக்கலாம். நேரம் பிடிக்கும். திருகு ஜாக்கியானால் நல்லது. ஓர் அடிக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் கை 75 அங்குலம் பயணிக்கிறது, மரையின் இடைவெளி கால் அங்குலம் என்றால் பாரம் கால் அங்குலம்தான் ஏறுகிறது. காகிதத்தில் 300 மடங்கு. பாதிக்கு மேல் உராய்வு தின்றுவிடும். வருத்தப்படாதீர்கள்; அப்படித் தின்பதால்தான் கையை எடுத்தாலும் திருகு தானாகப் பின்னோக்கிச் சுற்றாமல் நிற்கிறது. ஹைட்ராலிக் ஜாக்கியில் எண்ணெய் கசிந்தால் பாரம் சத்தமில்லாமல் இறங்கும். ஜாக்கியை நம்பி விடாதீர்கள், அது ஏற்றியதைக் கட்டைதான் தாங்க வேண்டும்.

மட்டம் பார்த்தல்

கால்களுக்கு அடியில் இரும்பு ஆப்பு ஜோடிகளை எதிரெதிராகச் செருகுங்கள். பத்துக்கு ஒன்று சரிவுள்ள ஆப்பை ஓர் அங்குலம் தட்டினால் மெஷின் பத்தில் ஒரு அங்குலம் எழும். சரிவு இவ்வளவு குறைவாக இருப்பதால் பாரம் அதைப் பிதுக்கி வெளியே தள்ளாது, உராய்வு பிடித்துக்கொள்ளும். செங்குத்தான ஆப்பு தட்டத் தட்ட எகிறி வரும்.

ரசமட்டத்தைப் பெட்டின்மேல் முதலில் குறுக்காக வைத்து, ஹெட்ஸ்டாக் பக்கம், டெயில்ஸ்டாக் பக்கம் என்று இரண்டு இடத்திலும் பாருங்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே மாதிரி நின்றால் பெட் முறுக்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். நீளவாக்கு மட்டம் கொஞ்சம் பிசகினாலும் பெரிய கேடில்லை. முறுக்குத்தான் கடையும் பொருளைக் கூம்பாக்கும். அஸ்திவார போல்ட்டை இறுக்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போதே பெட் வளையும். சில நாள் ஓட்டியபின் இன்னொரு தடவை.

கரண்ட் கொடுப்பதற்கு முன் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு நொடி ஓட்டிப் பாருங்கள். மூன்று பேஸில் ஏதாவது இரண்டு ஒயர் இடம் மாறியிருந்தால் அது எதிர்த்திசையில் சுற்றும். பழைய லேத்துகளில் சக் மரையில் திருகி மாட்டியதாக இருக்கும். திசை மாறி டக்கென்று ஓட ஆரம்பித்தால் சக்கின் நிலைமமே அதைக் கழற்றித் தரையில் போட்டுவிடும். ஒயர் இரண்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, பெல்ட்டை மாட்டி, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள்.